குளிர்முனை

கருங்கல் தாண்டி பாலப்பள்ளம் போகிற வழியில்
ஒரு அண்டி ஆபீஸ்.
வாசலிலேயே தொண்டையைப் பிடிக்கும் தோட்டெண்ணெய் நெடி.
என் பையில் மல்டிமீட்டர், ஐஸ் போட்ட பிளாஸ்க்,
கார்பன் வைத்த ரிப்போர்ட் புத்தகம்.
'மீட்டர் சரியாத்தான் காட்டுது,
சர்ட்டிபிகேட் மட்டும் எழுதித் தந்தா போதும்'
என்றார் மேனேஜர் டென்னிசன்.
அவர் தலைக்கு மேலே சிவப்பெழுத்தில் எழுபது.
அதற்கும் மேலே ஏசி.

போர்மா என்பது பருப்பு காயும் சூட்டறை.
எழுபதில் கிடந்தால் தோல் தானாய்க் கழலும்.
கூடினால் கரியும்.
கரிந்தது கிலோ கணக்கில்
சொர்ணபாயின் கூலியில் கழியும்.

அந்தச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது
நான் பார்க்க வந்த சாதனம்:
விரல் நீளக் குழாய்க்குள் இரண்டு கம்பி,
வேறு வேறு உலோகம்,
நுனியில் ஒரு பொட்டு வெல்டிங்.
பேட்டரி கிடையாது.
நுனி சுட்டால் மின்சாரம் தானே சுரக்கும்,
ஒரு கொசுவை அசைக்கக் காணாத மின்சாரம்.
ஆனால் அது சூட்டைச் சொல்வதில்லை.
இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் சொல்லும்.
இரண்டு முனையும் ஒன்றுபோல் வெந்தால்
வாயே திறக்காது.

'சார், ஒண்ணு பறயட்டா?
மேனேஜர் வராத்த அன்னைக்கு இது கரியாது.'

தோல் உரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.
'அவரு கண்ணு பட்டாக்கும் கரியுது' என்றாள் ஒருத்தி.
நானும் சிரித்தேன்.
சொர்ணபாய் சிரிக்கவில்லை.
மாதா படம் போட்ட காலண்டரில்
தேதி தேதியாய் எழுதியிருந்தாள்.
மேனேஜர் மகள் கல்யாணத்துக்குப் போன நாலு நாள்:
அரை, முக்கால், அரை, ஒன்று.
அவர் திரும்பி வந்த திங்கள்: மூணேகால்.

அதன்பிறகுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

போர்மா கதவுக்கு மேலே இணைப்புப் பெட்டி.
அதுவரைக்கும் சரியான கம்பி.
அங்கிருந்து மேனேஜர் அறைவரை
எவனோ ஒரு வயர்மேன்
கையில் கிடந்த செம்புக் கம்பியை முறுக்கி
டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான்.
பெட்டி நாற்பத்து மூன்றில் வேகிறது.
மீட்டர் இருபத்து நாலில் உட்கார்ந்துகொண்டு
கம்பியின் குளிர்முனை தன் காலடியில்தான்
இருப்பதாக நம்புகிறது.
கழித்தேன்.
ஐஸில் முனையை வைத்து இன்னொரு தடவை பார்த்தேன்.
பத்தொன்பது.
எழுபது என்று எழுதியிருந்த இடத்தில்
எண்பத்தொன்பது எரிந்துகொண்டிருந்தது.
ரிமோட்டில் அவர் ஒரு டிகிரி இறக்கினால்
இங்கே போர்மா ஒரு டிகிரி ஏறும்.

புதுக் கேபிள் போட்டதும் எண் தாவியது.
'நல்லாருந்த மீட்டரைக் கெடுத்துட்டீங்களே.
இதெல்லாம் எழுதணுமா?'
எழுதினேன்.
பேனாவை அழுத்தித்தான் எழுதினேன், கார்பனில் விழ வேண்டுமே.

'மூணு மாசம் பிடிச்ச பைசா எவ்வளவுன்னு
இதுல தெரியுமா சார்?'
மில்லிவோல்ட்டை டிகிரியாக்க அட்டவணை இருக்கிறது,
டிகிரியை ரூபாயாக்க இல்லை என்றேன்.
'அது எங்கிட்ட உண்டு.'
காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினாள்.
நகலைக் கிழித்துக் கேட்டாள், கொடுத்தேன்.
தோட்டெண்ணெய் தின்ற விரல்களில்
தாள் ஒட்டிக்கொண்டது.

எனக்கு மார்த்தாண்டம் பஸ் போய்விட்டது.
அவள் மேனேஜர் அறைக்குள் போகவில்லை,
கதவைத் திறந்துபிடித்து வாசலில் நின்றே பேசினாள்.
உள்ளேயிருந்த குளிர் அவளைத் தாண்டி வந்து
என் முழங்காலைத் தொட்டுப் போனது.
'கதவைச் சாத்து' என்றார் அவர்.
சாத்தவில்லை.
அறை சூடாகிக்கொண்டே வந்தது.
சுவரில் எண் அசையவில்லை.